ஆயிரத்து நூறு வரி

அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆபீசில் பக்கத்து மேசை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து பதினோரு வருடமாக வேலை பாஸில், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய வேலை அனுமதியில், இருப்பவர். புக்கிட் பாத்தோக்கில் வாடகை வீடு, மனைவி, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள். நான் இங்கேயே, தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவள். பாஸ் முடிகிற தேதியைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அந்த வேலையில் கை வைத்திருக்க மாட்டேன்.

துவாஸ் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு எந்த நேரம், எந்த வாசல் என்று முடிவு செய்கிற மென்பொருள் எங்களுடையது. அந்த முடிவை எடுக்கும் நிரல் முழுவதும் ஒரே மெத்தட், பிரிக்காத ஒரே நிரல் துண்டு, ஆயிரத்து நூறு வரி. அண்ணன் எழுதியது. மூச்சு விடாமல் பேசுகிற மனுஷன் மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். அதில் எது கெட்டாலும் அவரைத்தான் தேடுவார்கள். லீவில் ஊருக்குப் போனாலும் விடமாட்டார்கள்.

எனக்குக் கை துறுதுறுத்தது. "அண்ணே, இதப் பிரிச்சு எழுதட்டுமா? சின்னச் சின்ன மெத்தடா?"

"நல்லா ஓடுறத ஏம்மா தொடுற? விட்டுடேன்."

"சரியான சோம்பேறிண்ணே நீங்க. ஆறு மாசம் கழிச்சுப் படிச்சா உங்களுக்கே புரியாதுலா!"

அந்த மெத்தடை மேலிருந்து கடைசி வரி வரை உருட்டிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு துண்டாகக் காட்டி இது எதற்கு என்று கேட்பேன். அவர் சொல்வார். அதை வெட்டி எடுத்துத் தனி மெத்தடாக்கி, என்ன செய்கிறதோ அதையே பெயராக வைப்பேன். ஓர் இடத்தில், வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் சில லாரிகளுக்கு நேரமே ஒதுக்காமல் தாண்டிப் போனது. பிழை என்று அழிக்கப் போனேன்.

"ஐயோ, கை வைக்காத! மலாய் டிரைவருங்க தொழுகைக்குப் போற நேரம்மா அது."

துவாஸுக்கே போய், டிரைவர்களோடு கடையில் தே தாரிக் டீ குடித்துத் தெரிந்துகொண்டு வந்து எழுதியிருக்கிறார். எங்கேயும் குறிப்பு இல்லை, அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். எல்லாம் முடிந்தபோது மேலே இருக்கும் மெத்தட் பதினெட்டே வரி. கதை மாதிரி வாசிக்கலாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு தேக்கா சந்தையில் அவருக்கு நான்தான் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு வெளிநாட்டுக் கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைத் தானே படித்து, யாரையும் கேட்காமல், ஒரே மத்தியானத்தில் புது விதி ஒன்றைச் சேர்த்துவிட்டார். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. இனிமேல் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், ஒரே ஆளை நம்பியிருக்க வேண்டியதில்லை என்று கூட்டத்தில் சொல்லி, எனக்குக் கைதட்டச் சொன்னார். அந்த ஒரே ஆளும் கைதட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், அறிவுகெட்டவள்.

அடுத்த மாதம், அவருடைய பாஸைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பாஸ் முடிந்தால் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். மகளுக்கு அடுத்த வருடம் பி.எஸ்.எல்.இ., தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவளுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான்.

மேசையை ஒழித்துக்கொண்டிருந்தவரிடம் அழுதுகொண்டே கத்தினேன். "இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"பயமாத்தான் இருந்துச்சும்மா."

"பின்ன ஏன் வாயத் திறக்கல?"

"நல்ல வேலைய எப்படிம்மா வேணாங்கிறது?"

என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். நீண்ட மெத்தடைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்தது தப்பு என்றால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். சரியான வேலைக்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

வேலையை ஒப்படைக்க அவருக்கு இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாளே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குள்ளேயா என்று கேட்டேன்.

"சொல்லிக் கொடுக்க எங்கிட்ட இனி ஒண்ணும் இல்லம்மா," என்றார். "எல்லாத்தையும்தான் நீ கேட்டு வாங்கிட்டியே."