மில் மாமாவும் சீனாக்காரனும்

எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதும் வலது சுவரில் வெள்ளை தேய்ந்த ஓர் இடம் உண்டு, ஓர் ஆளின் முதுகு அகலத்துக்கு. மாமா அங்கே முதன்முதலாகச் சாய்ந்து உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் இரண்டு வருஷம் அவர் அந்தப் படியைத் தாண்டியதே இல்லை.

காரணம் சாப்பாடு. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணனான அவரை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல அப்பா மறந்துவிட்டார். இரண்டாம் பந்திக்குக் கூப்பிடும்போது மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "இனி இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றார். "நான் போய்க் கூப்பிடவும் மாட்டேன்" என்றார் அப்பா. இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதற்குள் அக்காவுக்கு மேலநீலிதநல்லூரில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி, பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவரத் தாய்மாமன் வேண்டும். அம்மா போய் அழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். "மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள் அக்கா. ஒரே வீட்டு விஷயத்தில் அது மூன்றாவது சபதம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். ஆகவே இதைத் தீர்க்கும் புத்தி எனக்குத்தான் உண்டு என்று உறுதியாக நம்பினேன். நூலகத்தில் ஒரு சீன நாட்டுக் கதை படித்திருந்தேன். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பீற்றிக்கொள்ளும் பணக்காரன் ஒருவன், ஊரறிந்த குறும்பனிடம், "என்னை இந்த வீட்டைவிட்டு வெளியே வரவை, பார்ப்போம்" என்கிறான். "அது என்னால் ஆகாது. நீங்கள் வெளியே நின்றால் உள்ளே வரவைத்துவிடுவேன்" என்கிறான் குறும்பன். அதையும் பார்த்துவிடலாம் என்று பணக்காரன் வெளியே வந்து நிற்கிறான். அவ்வளவுதான் கதை. படித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மாமா நினைவு வந்தது. கதையைத் திருப்பிப் போட்டால் போதுமே.

மாமாவுக்குப் புரிகிறாற்போல் அதை மாற்றிக்கொண்டேன். பணக்காரனுக்கு மீசை வைத்துச் சிவகிரி மிராசுதாராக ஆக்கினேன். தேநீர்க் கிண்ணம் போய்க் கருப்பட்டிக் காப்பி வந்தது. குறும்பனை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் சீனாக்காரனாகவே விட்டுவிட்டேன்.

திருவேங்கடம் ரோட்டில் மாமாவுக்கு மாவு மில். நான் போனபோது மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வரிக்கு ஒரு தும்மலாகக் கதை சொன்னேன்.

"சிவகிரிக்குச் சீனாக்காரன் எதுக்குட்டி வந்தான்?"

"ஊர் பாக்க வந்தான் மாமா."

"ஊர் பாக்க வந்தவனுக்கு மிராசு வீட்டுல என்ன சோலி?"

முடிவு நெருங்கியபோது மோட்டாரை நிறுத்திவிட்டார். "வெளிய வந்துட்டானா? கூறுகெட்ட பய. நானா இருந்தா அசஞ்சிருக்க மாட்டேன்."

இதற்குத்தான் காத்திருந்தேன். "உங்கள எங்க வீட்டுக்குள்ள வரவைக்க என்னால ஆகாது மாமா. ஆனா நீங்க உள்ள இருந்தா, ஒரு நொடியில வெளிய வரவச்சிருவேன்."

மிளகாய்ச் சட்டியோடு நின்ற பெண் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணாச்சி, பிள்ளை உங்களுக்கு வலை விரிக்கு."

"தெரியுது தாயி. நாலெழுத்து படிச்சிட்டா மாமன் மடையனாத் தெரியுதான். வீட்டுக்குப் போ ஏட்டி" என்று மோட்டாரைப் போட்டுவிட்டார். வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தேன். கண்ணீருக்கும் மிளகாயே காரணம் என்று வீட்டில் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வாசலில் புது வேட்டியும் மாவு அப்பிய புருவமுமாக மாமா நின்றார். தெருவே கேட்கும்படி பேசினார். "ஏட்டி படிச்சவளே, உள்ள இருந்தா வெளிய வரவச்சிருவேன்னு சொன்னேல்லா? அதையும் பாத்திருவோம்." விறுவிறுவென்று உள்ளே வந்து, வலது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ம், வரவை."

பெருமை தாங்காமல் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள். "பேசுன, கொன்னுருவேன்" என்றாள் காதோடு.

பந்தல் கயிற்றோடு வந்த அப்பா, மாமாவைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டார். பிறகு உள்ளே போய் ஒரு வாழையிலையோடு வந்து, மாமாவின் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தார். வேறு யாருக்கும் அப்போது இலை போடவில்லை. சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. வெறும் இலையின் முன் மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் ஆசிரியை. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, குறும்பன்தான் ஜெயித்தான் என்கிறார்கள். மாமாவிடம் கேட்டால் தானே ஜெயித்ததாகச் சொல்வார். "இன்னைக்கு வரைக்கும் இவளால என்னைய வெளிய வரவைக்க முடியல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். மாசி பிறப்பதற்குள் மாமாவின் முதுகு அதைத் தேய்த்துவிடுகிறது.