மச்சான் நாள் பத்து

வானிலை அலுவலகத்தில் அவருக்குக் குடைக்காரர் என்றுதான் பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கையில் குடையோடு வந்து நிற்பார். ஊருக்கெல்லாம் மழை உண்டு, இல்லை என்று எழுதிக் கொடுக்கிற மனிதருக்குத் தன் எழுத்தின்மேலேயே நம்பிக்கை இல்லையே என்று பக்கத்து அறைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்பது மணி பேருந்துக்கு எட்டரைக்கே போய்க் காத்து நிற்கிற ரகம் அவர். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக்கூடப் பத்து நிமிடம் முன்னதாக ஓட விட்டிருந்தார். மனைவியும் மகளும் அதில் பத்தைக் கழித்துக்கொண்டு ஆற அமரக் கிளம்புவார்கள். இது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, கடிகாரத்தைத் தொடமாட்டார்.

வருடா வருடம் இலையுதிர்கால முன்னறிக்கையை எழுதுவது அவர் வேலை. அதில் இரண்டு பத்திகள். சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. சமவெளிப் பத்தியை ஒரே மூச்சில் எழுதிவிடுவார். காலையில் மூடுபனி, பகலில் வறண்ட காற்று, கடைசி வாரத்தில் தூறல், அவ்வளவுதான். சமவெளிக்காரர்கள் அதைப் படிக்கவும் மாட்டார்கள், நனைந்தால் திட்டாமல் விடவும் மாட்டார்கள். மலைப் பத்திதான் அவரைப் பிடித்து ஆட்டும். அதில் ஒரு தேதி வரவேண்டும். முதல் பனி விழும் தேதி. மாடுகளோடு உச்சிப் புல்வெளிக்குப் போயிருப்பவர்கள் அதற்குள் இறங்கிவிட வேண்டும். இறங்க இரண்டு நாள் பிடிக்கும். பனி மூடினால் பாதையே தெரியாது.

இருபத்தொரு வருடத்துக்கு முன், முதன்முதலாக அவர் எழுதிய தேதிக்கு எட்டு நாள் முன்பே பனி கொட்டிவிட்டது. மேலே மாட்டிக்கொண்டவர்களில் அவருடைய தங்கையின் கணவரும் ஒருவர். அப்போதுதான் கல்யாணமாகி நாலு மாதம். உயிர் தப்பியது. இடது காலில் மூன்று விரல்கள் போயின. யாரும் குடைக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவரும் அந்தக் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து, கணக்கு எந்தத் தேதியைக் காட்டினாலும் பத்து நாள் முன்னால் தள்ளி எழுத ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

இந்த வருடம் புதிதாக ஒரு மேலதிகாரி அம்மாள் வந்தார். அறிக்கையோடு இனி வண்ண வரைபடமும் அச்சாகும், படமும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். படத்தில் பதினெட்டாம் தேதி பளிச்சென்று நீலமாக இருந்தது. பத்து நாளை எங்கே ஒளிப்பது? வேறு வழியில்லாமல் பதினெட்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்ப வந்து அதே படத்தைப் பார்ப்பார். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

பதினைந்தாம் தேதி காலை, அலுவலகத்துக்குத் தங்கை போன் செய்தாள். இவர் மகளுக்குக் கம்பளிச் சட்டை பின்ன அளவு வேண்டுமாம். தோள் அளவு, கை அளவு என்று பேசிவிட்டு அவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"மாப்பிள்ளை இறங்கிட்டாரா?"

"இல்லண்ணா. இருபத்தாறுக்குத்தான் கெளம்புவாரு."

"பதினெட்டுன்னுதானே போட்டிருக்கேன்?"

"அதான். பதினெட்டுன்னா இருபத்தெட்டு. நீங்கதான் எப்பவும் பத்து நாள் சேத்து வெச்சுப் பயமுறுத்துவீங்களே." அவள் சிரித்தாள். "போன வருஷமும் பதினெட்டுன்னுதான் போட்டீங்க. இருபத்தொன்பதுக்குத்தான் விழுந்துச்சு. இங்க எல்லாருக்கும் தெரியும்ணா. அவருதான் முதல்ல கண்டுபிடிச்சாரு. அதுக்குப் பேரே மச்சான் நாளுதான்."

மாப்பிள்ளை மட்டுமில்லை, மலை முழுக்க மேலேதான் இருக்கிறது. இன்னும் மூன்றே நாள். உச்சியில் போன் எடுக்காது. ஆள் அனுப்பினாலும் ஏறிச் சொல்லி எல்லோரும் இறங்குவதற்குள் பனி முந்திக்கொள்ளும். அங்கே எட்டுவது வானொலி ஒன்றுதான். மதியம் பன்னிரண்டரைக்கு வானிலைச் செய்தி. சுவரைப் பார்த்தார், பத்தே முக்கால்.

பேசாமல் எட்டாம் தேதி என்று மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் புத்தி போயிற்று. அட, எட்டுதான் போன வாரமே போய்விட்டதே. ஒரு தாளை எடுத்து இரண்டே வரி எழுதினார். பதினெட்டாம் தேதி மலையில் பனி விழும். இந்த வருடம் யாரும் பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு நேராக மேலதிகாரி அறைக்குப் போனார்.

மேலதிகாரி அம்மாள் தாளை இரண்டு முறை படித்தார்.

"இது என்ன பத்து நாள்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கால் விரல்களிலிருந்து கடிகாரம் வரைக்கும். கடிகாரத்தைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

"இருபது வருஷமா தெரிஞ்சே தப்புத் தேதி குடுத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"இதை வானொலில படிச்சா, நம்ம அறிக்கையெல்லாம் பொய்னு நாமளே ஊரைக் கூட்டிச் சொல்ற மாதிரி ஆகும். தெரியுதா?"

"தெரியுது மேடம். மணி பதினொண்ணேகால் ஆயிடுச்சு."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். "நடந்ததை எழுத்துல குடுங்க. விசாரணை வரும். அடுத்த வருஷம் முன்னறிக்கையை வேற ஒருத்தர் எழுதுவாங்க," என்றார். அவர் தலையாட்டிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டு வானொலி நிலையத்துக்கு ஓடினார்.

பன்னிரண்டரைக்கு அந்த இரண்டு வரியைப் படித்தார்கள். இவர் சொல்லிவைத்ததால் மாலையில் இன்னொரு முறையும் படித்தார்கள். கேட்டார்களா, இல்லையா? பேட்டரி தீர்ந்திருந்தால்? அந்த நேரத்தில் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போயிருந்தால்? பதினாறு முழுக்கத் தங்கையிடமிருந்து போன் இல்லை. இவரே நாலு முறை கூப்பிட்டார். "இன்னும் ஒருத்தரும் வரலண்ணா," என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. பதினேழாம் தேதி வீட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தார். "நடந்தே மலைக்குப் போயிடுவீங்க போலிருக்கு," என்றாள் மனைவி. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவளும் அன்று தைக்க எடுத்த துணியில் ஒரு தையல்கூடப் போடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"மச்சான், வந்துட்டோம்." தங்கையின் கணவர்தான். மூச்சு வாங்கியது. "மாடு, ஆளு எல்லாம் எண்ணியாச்சு. ஒண்ணும் குறையல. எல்லாரும் இறங்கிட்டோம்."

குடைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வானொலில கேட்டதும் முதல்ல எல்லாரும் சிரிச்சோம் மச்சான். அப்புறம்தான் பயம் வந்துச்சு. உங்களுக்கு வேலைல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"அதை விடுங்க மாப்பிள்ளை."

"நீங்க எதுக்குப் பத்து நாள் சேத்தீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அந்தப் பக்கம் மாடுகளின் சத்தம். யாரோ வைக்கோலை இழுத்துப் போடுகிறார்கள். இருபத்தொரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் குடைக்காரர் அப்போதுதான் கேட்டார்.

"கால் எப்படி இருக்கு மாப்பிள்ளை?"



"பனி வர்றதுக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கும் மச்சான். இல்லாத விரல்தான் வலிக்கும்," என்றார் மாப்பிள்ளை. "இன்னிக்குக் காலையிலேர்ந்து விடாம வலிக்குது."