கறுப்பு அடிக்காத கட்டம்

திருச்சியில் யாருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தாலும் முதலில் பழி விழுவது போர் தண்ணீர் மேல்தான். என் மகளுக்கு ஏழு வயதில் முதல் கல் வந்தபோதும் அதுவே நடந்தது. அப்போது எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தோம். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். "இந்தத் தண்ணியக் குடிச்சா கல்லு வராம கல்கண்டா வரும்? பேசாம இங்க வந்துடுங்க" என்றார் மாமியார், போனில். மாமியார் என்றால் வேற்று ஆள் இல்லை. என் தாய்மாமனின் மனைவி. பேச வந்த நாளிலிருந்து நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். மாமா காலமான பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியாக இருந்தார். அங்கே காவிரித் தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகவே வீட்டைக் காலி செய்துகொண்டு ஸ்ரீரங்கம் போனோம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறவள். காலையில் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து, மகளை அதட்டிக் குடிக்க வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஸ்கூலுக்கு ஓடுவேன். அங்கே போய் செல்லுக்குள் புரதங்கள் எப்படி இடம் பிரிந்து போகின்றன என்று போர்டில் படம் போடுவேன். புரதம் ஒரு சங்கிலி. அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தச் சங்கிலியிலேயே ஒரு சின்னத் துண்டாக எழுதியிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறதற்குப் பெரும்பாலும் தலைப்பக்கம், பெராக்ஸிசோம் என்கிற சின்னப் பைக்குப் போகிறதற்குப் பெரும்பாலும் வால்பக்கம். அந்தத் துண்டைப் படித்துக் கூட்டிப் போக செல்லுக்குள் ஆட்கள் உண்டு.

"அட்ரஸ் தப்பாயிட்டா என்ன மிஸ் ஆகும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"துவாக்குடியில இன்ஜினியரிங் படிக்கிற பையன் தூக்கக் கலக்கத்துல பஸ் மாறி ஏறி திருவெள்ளறையில போய் இறங்கினா என்ன ஆகும்? படிச்ச படிப்பு எங்கயும் போகாது. ஆனா வயக்காட்டுல நின்னுக்கிட்டு எந்தப் பரீட்சை எழுதுவான்?"

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

காவிரித் தண்ணீரிலும் கல் வந்தது. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். குழந்தைகளுக்கான சிறுநீரக டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். பொறுமையானவர், குழந்தையிடமே நேராகப் பேசுவார். எல்லாம் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல கிட்னி கெட்டு இறந்திருக்காங்களா?"

"இல்லைங்க டாக்டர்." நான் வாயைத் திறக்கும் முன்பே என் கணவர் சொல்லிவிட்டார்.

"இவரோட அண்ணன் ஒருத்தர் சின்ன வயசுல போயிட்டார் மேடம். ஆனா அது கொள்ளிடத்துல விழுந்து" என்று நான்தான் சேர்த்துச் சொன்னேன். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி மருந்து எழுதினார். பெரிய பரிசோதனைகளைத் தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்தக் கொள்ளிடக் கதையை அத்தையும் கணவரும் சும்மா சொல்லிவிட்டு விடவில்லை, அதன்படி வாழ்ந்துகாட்டினார்கள். எங்கள் வீட்டுக் குழந்தை ஆற்றில் கால் நனைக்கக் கூடாது. ஆடிப் பெருக்கன்று ஊரே அம்மா மண்டபம் படித்துறையில் நிற்கும்போது, நாங்கள் மட்டும் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைத்து மஞ்சள் பூசி, பூப் போட்டுக் கும்பிடுவோம். குழந்தை ஆற்றுக்குப் போகணும் என்று அழுதால், சுவரில் மாலை போட்டிருந்த பெரியப்பா போட்டோவைக் காட்டி மிரட்டியவள் நானேதான். இத்தனை அழகாகக் காதில் பூச்சுற்ற வேறு யாரால் முடியும்!

வருஷம் திரும்பியது. ஒரு நாள் காலையில் குழந்தையின் முகம் ஊதியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் அதற்குள் பாதி கெட்டிருந்தது. கல்லையும் ரத்தத்தையும் சோதித்தார்கள், மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். ஈரலில் ஒரு புரதம் இருக்கிறது. பெராக்ஸிசோமுக்குள் உட்கார்ந்து ஒரு கழிவை மாற்றுவதுதான் அதன் வேலை. என் மகளின் உடம்பிலும் அது உற்பத்தியாகிறது, வேலையும் தெரியும். ஆனால் சங்கிலியில் நேர்ந்த சின்ன மாற்றங்களால், தலைப்பக்கத்தில் இருக்கக் கூடாத முகவரி ஒன்று முளைத்துவிட்டது. வாலில் சரியான முகவரி இருந்தும் செல் தலைப்பக்கத்தையே முதலில் படித்து அதை மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழுத்துப் போய்விடுகிறது. கழிவு கிடக்கிற இடம் ஒன்று, அதை மாற்ற வேண்டியது இருக்கிற இடம் வேறொன்று. அந்தக் கழிவுதான் ஆக்சலேட்டாகிச் சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது.

போர்டில் நான் போட்ட அதே படம். எத்தனை வருஷம் அதற்கு மார்க் போட்டிருக்கிறேன்! என் வயிற்றில் பிறந்தது அதே படத்துக்குள் கிடந்து துடித்திருக்கிறது. டாக்டரம்மா மேலே பேசியதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் என் காதில் ஏறியது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் என்பதால், குடும்பப் படம் ஒன்று வரைந்துகொண்டு வரச் சொன்னார்.

அன்று மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வரைந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. என் மகளின் வட்டத்தை மட்டும் கறுப்பாக்கியிருந்தேன். எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"இது யாரும்மா, கோடு போட்டிருக்க?"

"உங்க பெரிய பையன் அத்தை."

"அவனுக்கு ஏன் கறுப்பு அடிக்கல?"

"நோய் இருந்தவங்களுக்குத்தான் அத்தை கறுப்பு. அவர் ஆத்துலதானே போனார்."

அத்தை பூண்டை முறத்தில் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அடிச்சுடும்மா" என்றார். "அவன் ஆத்துல போகல."

பிறகு அவரே அழுதுகொண்டு கொட்டினார். அவனுக்கும் இந்த வயதில்தான் கல் வந்தது. இப்படித்தான் முகம் ஊதியது. கடைசியில் மூத்திரம் நின்றுபோய் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அத்தையும் மாமாவும்கூடச் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். "வம்ச நோய்னு பேரு வந்துட்டா சின்னவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? ஆறுன்னு சொல்லிட்டா மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அழுகிற மனுஷியைப் பார்த்து ஒரு சொட்டு இரக்கம்கூட வரவில்லை, அதை ஒளிப்பானேன். கணவர் பாங்க்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"உங்க அண்ணன் எப்படிச் செத்தார்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மா சொல்லிட்டாங்களா?"

"டாக்டர் கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஏன் இல்லன்னீங்க?"

"பழக்கம். அப்படியே வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல." தலையைக் குனிந்துகொண்டார். "நீ கோவப்படுவேன்னு பயந்தேன். உங்கம்மாவும் சொல்லவே கூடாதுன்னாங்க."

என் அம்மாவா? ஐயோ! கல்யாணப் பேச்சு எடுத்தபோது நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு வியாதி வரலாம், அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது இருந்ததா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அம்மா என் உச்சந்தலையில் கையை வைத்து, "உன் மேல சத்தியம், ஒரு குறையும் இல்ல" என்றாள். அந்தக் கையை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

போன் போட்டேன். அம்மா மறுக்கவில்லை.

"எந்தக் குடும்பத்துலடி ஒண்ணு இல்ல? சொல்லியிருந்தா நீ கட்டிக்கிட்டிருப்பியா? பெரிய படிப்பு படிச்சவளாச்சே."

"மாட்டேன்மா."

"அதான் சொல்லல."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! நான் மறுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எனக்குத் தெரியக் கூடாது என்று இருந்திருக்கிறார்கள். கூட்டுக் களவாணிகள். பெற்றவள், வளர்த்த மாதிரி இருந்த அத்தை, பக்கத்தில் படுத்துக்கொண்டவர், மூன்று பேரும். குழந்தை உருண்டு துடித்தபோது மூன்று பேரும் அவளைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள்.

மறுமுறை போனபோது படத்தை மேஜையில் வைத்தேன், கட்டம் கறுப்பாக. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே டெஸ்ட் எடுத்திருப்போம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு மாத்திரையை எழுதினார். பி6 வைட்டமின். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. எல்லோருக்கும் கேட்காது. ஆனால் இப்படி இடம் மாறிப் போகிற வகைக்குக் கேட்க வாய்ப்பு உண்டு, புரதம் சரியாக மடிந்து சேர வேண்டிய இடத்துக்கு ஓரளவாவது போய்ச் சேரும் என்றார். இந்த மாத்திரை பலிக்காவிட்டால் மீதிச் சிறுநீரகமும் போய்விடும். சில மாதம் சாமியிடம்கூட வேறு எதுவும் கேட்கவில்லை.

மாத்திரை பலித்தது. ஆக்சலேட் நன்றாக இறங்கியிருந்தது. "போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. என் மகளிடம் இப்போது இருப்பது அந்த மிச்சம்தான். வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில் போனதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு முகமெல்லாம் தெளிவு. "ஸ்கூல்ல சூட்டுல வந்த கல்லுன்னு மட்டும் சொல்லிடு. பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு இடத்துல குடுக்கணும்ல" என்றார், ரொம்ப அக்கறையாக.

மகளைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வந்த நோயின் பெயர், அது யார் யார் வழியாக வந்தது, மாத்திரை எதற்கு, பெரியப்பா எதில் இறந்தார், எல்லாம். ஒன்பது வயதுக்குப் புரிகிற அளவுக்குச் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வலிக்குது வலிக்குதுன்னு கத்தினப்பல்லாம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்காக வாயைத் திறக்கவில்லை.