தூம்பு வழியே வந்தவள்

வரைபடத்தில் அந்த நீலக் கோட்டைப் போட்டவன் நான்தான். ஒரு சாண் நீளம் கூட இருக்காது. காயல் எவ்வளவு பெருகினாலும் தண்ணீர் இதற்கு மேல் வராது என்று அதற்குப் பொருள். பென்சிலை நன்றாகச் சீவி, அடிக்கோலை அழுத்திப் பிடித்து, கை நடுங்காமல் போட்டேன். அழகாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு கட்டட ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். ஊருக்கு மேற்கே, கடலை ஒட்டிய காயலின் கரையில் பூங்கா ஒன்று போட்டார்கள். மாலையில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்ற, அந்த வேலை என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. ஆண்களுக்கு நான்கு அறை, பெண்களுக்கு மூன்று, பின்புறம் சுத்தம் செய்கிறவள் தங்குவதற்கு ஓர் அறை. கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத்தில் விஷயம் தெரிந்ததும் கேலிக்குக் கேட்பானேன். "என்னடா, கக்கூஸ் கட்டறயாமே? கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிடுவியோன்னோ?" என்று எதிர்வீட்டு மாமா தெருவே கேட்கும்படி விசாரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

எங்கள் ஓவர்சியர் நாகர்கோவில் பக்கத்து வேதக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் அவருக்குப் பொறுக்காது. நீர்மட்டம் குறிக்கப் போகவேண்டிய நாளில் அவருக்குக் காய்ச்சல். என்னைத் தனியே அனுப்பிவைத்தார். ஒரு வள்ளத்தில் ஏறிப்போய், கரையோரம் முளை அடித்து, அதில் குறி போட்டேன். காயல் அன்று வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கரை நெடுகச் சேறு தெரிந்தது; அதில் சிறு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏன் இப்படி என்று வள்ளக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் அவனிடம் போய்க் கேட்பதாவது! வீட்டுக்குத் திரும்பித் தலைமுழுகி, சாப்பிட்டுவிட்டுக் கோட்டைப் போட்டேன்.

கட்டடம் எழும்பி, வேலைக்கு வந்தவள்தான் நான் சொல்லவந்தவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நகரசுத்திக்கென்று கூட்டிவந்திருந்த ஜனங்களில் ஒருத்தி. எல்லோரும் அவளைத் தூப்புக்காரி என்றே கூப்பிட்டோம். எங்கள் ஆபீசில் யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. புருஷன் இல்லை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பின்னறையின் சாவியை ஓவர்சியர் அவளிடம் கொடுத்த அன்று, அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, நாலைந்து தடவை பார்த்தாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் என்று தெரிந்தது. அந்த அறையை அங்குலம் அங்குலமாக வரைந்தவன் நான். ஆனால் அவள் குடிவந்த பிறகு அதற்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. எங்கள் ஆசாரம் அப்படி. வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்று பேசுவேன். அவளும் பத்தடி உள்ளே நகர்ந்து நின்று பதில் சொல்வாள்.

மழை விட்டு வெயில் காயத் தொடங்கியிருந்த ஒரு நாள் அவள் சொன்னாள்: "சாமி, உச்சிவேளையில தூம்பு வழியா யாரோ வாராக. தரையெல்லாம் நனைஞ்சு கெடக்கு." கழுவுநீர் காயலுக்குப் போவதற்காக அவள் அறை மூலையில் விட்டிருந்த துவாரம்தான் தூம்பு. ஓவர்சியர் நேரே வந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வெளியே மண் பொரிந்தது. உள்ளே தரையில் ஈரம். தூம்பிலிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது போன்ற சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஓவர்சியர் அசரவில்லை. "ஓய் ஐயரே, இவ சோம்பேறி, வேலை செய்ய மடி. தானே தண்ணிய ஊத்திப்போட்டு பேய்க்கதை விடுதா" என்றார். பிறகு அவளிடம், "இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துதுன்னா சாவிய வாங்கிருவேன், பாத்துக்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் காயலைப் பார்த்தேன்.

காரணம் எனக்கு அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. வள்ளக்காரன் தானாகவே சொன்னான். காயலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டை அங்கே பொழி என்பார்கள். மழைக்காலத்தில் வயல்கள் மூழ்காமலிருக்க அதை வெட்டிவிடுவார்கள். காயல் கடலுக்கு ஓடிவிடும். பிறகு அலை மணலைத் தள்ளி அந்த வாயை மெல்ல அடைக்க, காயல் மறுபடி ஏறும். "ஸார் அன்னைக்குக் குறி போட்டது பொழி முறிச்ச மூணாம் நாளாக்கும். இப்போ பொழி அடைஞ்சு வருது. வெள்ளம் ஏறாதிருக்குமோ?" என்றான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உச்சிவேளைக்குக் கடல் ஏறும். அடையாமல் மிச்சமிருந்த வாய் வழியாகக் காயலைத் தள்ளும். காயல் தூம்புக்குள் ஏறும். அவ்வளவுதான். பேயுமில்லை, பொய்யுமில்லை. என் கோடுதான் தப்பு.

நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட படம். வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். இரண்டு மாதம் அந்த வெட்கத்தோடு ஆபீசுக்குப் போய்வந்தேன்.

அந்த இரண்டு மாதத்தில் அவள் மாறிப்போனாள். தண்ணீரைப் பற்றிய புகாரே இல்லை. ஒரு நாள் தூம்பின் வாயருகே இலைத்துண்டில் சோறு வைத்திருந்தது வாசலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. யாருக்கு என்று கேட்டேன். பத்தடிக்கு அப்பாலிருந்து, தெருவில் யாரையோ பார்த்ததைச் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்: "மூத்தவளுக்கு சாமி. போன வருசம் பொழி முறிச்ச அன்னைக்கு இந்தக் கரையில வாளி கழுவிட்டு நின்னேன். தண்ணியோட ஒழுக்கு புள்ளைய இழுத்துட்டுப் போயிட்டு. கடல்ல தேடுனாக, கெடைக்கல. இப்பம் வாரா. பாய் வரைக்கும் வருவா, தங்கச்சியத் தொடமாட்டா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிருவா."

அவ்வளவு காலம் அவளிடம் பேசியிருக்கிறேன். ஒரு பெண்ணைக் காயலுக்குக் கொடுத்தவள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த அமாவாசையன்று நடுப்பகலில் என்னை அறியாமல் அங்கே போய் நின்றேன். பூங்காவில் ஒருவரும் இல்லை. காயல் அசையாமல் கிடந்தது. கதவு திறந்திருந்தது. அறைத் தரையில் பாதித் தூரம் வரை தண்ணீர் ஏறியிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, கைக்குழந்தையைப் பாயிலிருந்து எடுத்துத் தண்ணீரின் விளிம்பில் விட்டாள். "அக்கா வந்துட்டா பாரு, போ, வெளையாடு" என்றாள். குழந்தை தூம்பைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது. தூம்புக்குள் சத்தம் வந்தது. அது செருமலாகத் தெரியவில்லை எனக்கு. பதில் சிரிப்பாகத் தெரிந்தது. ஆசாரம் எங்கே போயிற்றோ, ஒரே ஓட்டமாக உள்ளே பாய்ந்து குழந்தையை வாரி எடுத்தேன். நீர் கணுக்கால் வரை இருந்தது. அந்த வெயிலிலும் அப்படி ஒரு குளிர்ச்சி.

தாயையும் குழந்தையையும் வெளியே மேட்டில் உட்காரவைத்துவிட்டு, நேரே ஓவர்சியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ரெண்டு மாசமாவே?" என்று மட்டும் கேட்டார். நியாயமானவர். அவளிடம் போய்த் தான் சொன்னது தப்பு என்றார். தூம்பைச் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்து அடைத்து, கழுவுநீருக்கு மேட்டுப்பக்கமாக வேறு வழி விட்டார். என்மேல் மேலிடத்துக்கு எழுதவும் இல்லை. அறை காய்ந்தது. சாவி அவளிடமே இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மறு அமாவாசை கழிந்து அவளைப் பார்த்தேன். அடைத்த தூம்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "அவ வார வழிய ஏன் சாமி அடைச்சீக?" என்றாள். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். இந்த முறை நான் பத்தடி தள்ளி நிற்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து பொழியைப் பற்றி, கடலேற்றத்தைப் பற்றி, நான் தப்பாகப் போட்ட கோட்டைப் பற்றி எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். வந்தது பொழி வழியாக ஏறிய தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை என்று முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதத்தான சாமி நானும் சொல்லுதேன்" என்றாள். "போனது பொழி வழியாத்தான். பெறகு வேற எந்த வழியா வருவா?"

சில நாளில் சாவியை ஓவர்சியரிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு போய்விட்டாள். தாழ்ப்பாள் உள்ள அறையை விட்டுவிட்டுக் காயல் கரையிலேயே, தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், ஓலைக்குடிசை போட்டிருக்கிறாள் என்று வள்ளக்காரன் சொன்னான். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. ராஜாவும் இல்லை, நானும் பென்ஷன் வாங்குகிறேன். பூங்காவில் பேரக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் உலாவுகிறார்கள். மழைக்காலத்தில் பொழி முறித்தார்கள் என்று யாராவது சொன்னால், வயல் தப்பித்தது என்று மற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் கணக்குப் படித்தவன், விஷயம் தெரிந்தவன். ஆனாலும் என் மனம் முதலில் வேறு கணக்குத்தான் போடுகிறது: மணல் மூடி, காயல் ஏறி, அந்தப் பெண் மறுபடி அம்மாவிடம் வர இன்னும் எத்தனை நாள் ஆகும்?