பையின் மேல் நான் எழுதியது

டெல்லி ஜனக்புரியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கட்டட வேலை நடக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் பூங்காவில் இந்தி எழுத்துகள் சொல்லிக்கொடுக்கிறேன். போன குளிர்காலத்தில் அவர்களுக்காக அக்கம்பக்கத்தில் ஸ்வெட்டர்கள் சேகரித்தேன். மற்ற பைகளோடு கலந்துவிடக் கூடாதென்று, பையின் மேல் 'கரீப் பச்சே', அதாவது 'ஏழைக் குழந்தைகள்' என்று இந்தியில் எழுதிவைத்தேன்.

பையைப் பார்த்ததும் எட்டு வயது பிங்கி ஓடிவந்தாள். விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். யார் உதவியும் இல்லாமல் அவள் படித்த முதல் வார்த்தைகள் அவைதான்.

"சரியா படிச்சேனா ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள்.

"ரொம்பச் சரி."

"அது நாங்களா?"

ஒரு ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். "எனக்குக் குளிரலை" என்று சொல்லிவிட்டு, தோள்களைக் குறுக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

அவர்களுடைய தகரக் கொட்டகைக்குப் போய், "நான் எழுதினது தப்பும்மா" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா பதறிப்போய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்கக் கூசியது. பிங்கி மறுபடியும் படிக்க வந்தாள். ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் துணிகளைத் துவைத்து, பெஞ்சில் பரப்பி வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொள்கிறேன். பிடித்ததைக் குழந்தைகளே எடுத்துக்கொள்கிறார்கள்.