வலது கையும் ஒரு பாய்மரக் கப்பலும்

அந்தக் கப்பல் பெட்டி எனக்காக வாங்கியது அல்ல. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு, "எனக்கும் ஒரு ஹாபி வேணும்லா" என்று சொல்லி இணையத்தில் தேடித் தருவித்தது. பெட்டியின் மேல் படத்தில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போகும். உள்ளே திறந்தால் மெல்லிய மரப் பட்டைகள், நூல் உருண்டைகள், கடுகளவு பித்தளைச் சாமான்கள், மேஜை விரிப்பு அகலத்துக்கு ஒரு வரைபடம். மனிதர் அடிக்கட்டையை ஒட்டினார், அதன்மேல் விலாக்களை வரிசையாக நிறுத்தினார். அதற்குள் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு, உலகத்திலேயே சிறந்த ஹாபி நடைப்பயிற்சிதான் என்று அறிவித்தார். எங்கள் தில்லி ஜனக்புரி ஃப்ளாட்டில் பரணேறிய பொருள் இறங்கி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மார்ச் மாதத்தில் நான் விழுந்தேன். அலுவலக வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. நான் ஸ்டெனோ. ஓர் அமைச்சகத்தில் அதிகாரி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, அவர் விட்ட பிழையையும் சேர்த்துத் திருத்திக் கொடுப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் பிழைப்பு. பெருமை என்றும் சொல்லலாம், எனக்கு வெட்கமில்லை. மாவுக்கட்டைப் பிரித்த அன்று விரல்கள் விறைத்துக் கிடந்தன. பென்சிலைப் பிடித்தால் நழுவி விழுந்தது. வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது.

அந்த வாரமே என் அதிகாரி தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர். "மேடம், ஆராம் கீஜியே," நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். ஜூலை முடியும்வரை விடுப்பு இருக்கிறது, அதன் பிறகும் கை சரியாகாவிட்டால் கவலை வேண்டாம், டிஸ்பாட்ச் செக்‌ஷனில் லேசான வேலையாகப் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். டிஸ்பாட்ச் என்றால் உறை ஒட்டுவது, முத்திரை குத்துவது. அவர் கருணையோடு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். போனை வைத்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

பக்கத்து பிளாக்கில் ஒரு பிசியோதெரபி கிளினிக். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் கொடுத்து, "தபாயியே ஆன்ட்டி ஜி," அமுக்குங்கள் என்பாள். அமுக்கினேன். அந்தப் பந்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மாதம் போனதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேரவேண்டும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தனித்தனியாகப் பிரிய வேண்டும், இரண்டும் நடக்காமல் எழுத வராது என்றாள். வீட்டில் நுணுக்கமான வேலையாகச் செய்யுங்கள் ஆன்ட்டி ஜி, பருப்பு பொறுக்குங்கள் என்றாள்.

பருப்பு பொறுக்க வேண்டுமாம். நான் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம், பரணில் இருக்கும் கப்பலை இறக்குங்கள் என்றேன்.

"இவளே, உனக்கு என்ன கிறுக்கா? நல்ல கை ரெண்டு இருக்கப்பவே என்னால முடியல," என்றார்.

"உங்களால முடியலங்கறது ஒரு காரணமா? இறக்குங்க," என்றேன்.

இறக்கினார். சாப்பாட்டு மேஜை பறிபோயிற்று. அன்றிலிருந்து நாங்கள் மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டோம்.

விலாக்களின் மேல் மரப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பலுக்கு உடம்பு வரும். பட்டையை ஆவியில் காட்டினால் வளையும் என்று கூட வந்த கையேடு சொன்னது. ஆவி என்றால் எங்கள் வீட்டில் இட்லிச் சட்டிதான். சட்டியிலிருந்து பட்டையை எடுத்து, சூடு ஆறுவதற்குள் இடது கையால் வளைத்துப் பிடித்து, வலது கையை எடைக்கல் மாதிரி மேலே வைத்து அழுத்துவேன். அந்தக் கையால் அப்போது ஆன வேலை அவ்வளவுதான்.

"இன்னைக்கு டிபன் என்ன, கப்பலா?" என்று அடுக்களை வாசலில் நின்று கேட்பார் வீட்டுக்காரர்.

"ஆமா. சட்னி அரைச்சு வைங்க," என்பேன். பாவம், ஒருநாள் நிஜமாகவே அரைத்து வைத்திருந்தார்.

மே, ஜூன் தில்லி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலில் பொருத்திய தண்ணீர்க் கூலர் நாள் முழுக்க ஓடும். அதன் ஈரக்காற்று நேராகப் படும் இடத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டு, சொகுசாக உட்கார்ந்து பட்டை ஒட்டினேன். ஒன்றோடொன்று நெருக்கி, மயிரிழை சந்து தெரியாமல் இரண்டு பக்கமும் மூடி முடித்தேன். வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு, தடவிப் பாருங்கள் என்று காட்டினேன். என் திமிர் எனக்கே தெரிந்தது. ஆனால் நன்றாகத்தானே இருந்தது, காட்டினால் என்ன?

அடுத்த வாரம் காலனியில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் வந்தால் குடிக்க, சமைக்கத்தான் சரியாக இருந்தது. கூலருக்கு யார் ஊற்றுவது? வறண்ட கூலர் வெளியில் அடிக்கும் லூ என்ற அனல் காற்றை அப்படியே வாங்கி உள்ளே ஊதியது. அப்பளம் காயப்போடலாம் அப்படி ஒரு காற்று. ஒருநாள் காலையில் காப்பியோடு வந்து பார்த்தால், கப்பலின் பட்டைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு விரிசல்கள். ஈரக்காற்றில் உப்பியிருந்த மரத்தைத்தான் நான் நெருக்கி ஒட்டியிருக்கிறேன். காய்ந்ததும் அது தன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தில்லியில் இத்தனை வருஷம் இருந்தும், கூலர் காற்றில் கதவு இறுகிக்கொள்வதையும் குளிர்காலத்தில் அதே கதவு லொடலொடப்பதையும் வருஷா வருஷம் பார்த்தும், எனக்கு இது உறைக்கவில்லை.

கப்பலின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். டிஸ்பாட்ச் செக்‌ஷனில் எந்த நாற்காலி எனக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

"விரிசல்ல புட்டிப் பசை வச்சு அடைச்சு பெயின்ட் அடிச்சிரலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியும்லா," என்றேன். அந்தக் கோபத்தில்தான் துண்டை எடுத்தேன்.

இந்த முறை மரம் முழுக்கக் காயட்டும் என்று விட்டேன். பிறகு மிஞ்சிய பட்டையிலிருந்து சவரக் கத்தியால் நரம்பு போலச் சீவி, ஒவ்வொரு விரிசலுக்கும் அளந்து, பசை தொட்டுச் செருகினேன். அந்தச் சீவலை முழுக் கையால் பிடிக்க முடியாது. சாமணத்தால் பிடித்தால் முறிந்தது. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்தால்தான் அது கைக்கு வரும். முதல் நாள் முழுக்கச் சீவல்கள் தரையில்தான் விழுந்தன. எடுத்தேன், விழுந்தன, எடுத்தேன். கடைசி விரிசலுக்கு வந்தபோது விழுவது நின்றிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும் சீவல்கள் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. கப்பல் முன்னைவிட அழகாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

பென்சிலும் இப்போது கையில் நின்றது. ஆனால் ஓடவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டிப் பிறந்தது போல ஒன்றாகவே அசைந்தன. சுருக்கெழுத்தில் ஒரு சின்ன வளைவு கோணலானால் அர்த்தமே மாறிவிடும். பழைய தாள்களை வைத்துப் பழகினேன். பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. ஜூலை பாதி போய்விட்டது, விரல்கள் பிரியவில்லை.

கப்பலில் பாய்கள்தான் மிச்சம். பாய்களை விரித்தும் கட்டலாம், சுருட்டியும் கட்டலாம் என்று வரைபடத்தில் இருந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் போல இருக்கட்டும் என்று சுருட்டிக் கட்ட முடிவு செய்தேன். பாய்மரத்தின் குறுக்கே வரும் கழியில் வெள்ளைத் துணியைச் சுருட்டி வைத்து, நூலால் இடைவெளி விட்டு முடிச்சுப் போட வேண்டும். கைபேசியில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டு சாமணங்களை வைத்துக்கொண்டு ஒரு முடிச்சுக்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன். நூல் நழுவியது, துணி பிரிந்தது, சாமணம் கழியைக் கீறியது. மதியம் வரை உட்கார்ந்தும் ஒரு கழி முடியவில்லை. போங்கடா என்று சாமணங்களைத் தூக்கி எறிந்தேன்.

எறிந்துவிட்டு, கழியையும் துணியையும் இடது கையில் வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூல் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசலில் உதிரி மல்லிகை வாங்கி வந்து டிவி பார்த்தபடி கட்டுகிறவள் நான், கை முறிந்த பிறகு விட்டுப்போயிருந்தது. கட்டும் கைக்குக் கண் வேண்டாம். பூவுக்குச் சுற்றுவது போலவே நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களில் வளையம் ஏற்றி, அதைத் திருப்பிக் கழியின் நுனி வழியாக மாட்டி இழுத்தேன். இறுகியது. நகர்த்தினேன், அடுத்த வளையம். அதுவும் இறுகியது.

நான்காவதோ ஐந்தாவதோ வளையத்தில்தான் என் கையைப் பார்த்தேன். வளையத்தை விரித்துப் பிடிக்க ஆள்காட்டி விரல் ஒரு பக்கமும் நடுவிரல் ஒரு பக்கமும் போயிருந்தன. தனித்தனியாக.

"என்னங்க, இங்க வாங்க," என்று கத்தினேன். பதறிக்கொண்டு ஓடி வந்தார். மறுபடியும் விழுந்துவிட்டேன் என்று நினைத்தாராம். அவர் முகத்துக்கு நேரே விரல்களை விரித்து, மூடி, விரித்துக் காட்டினேன். கழியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மல்லியப்பூச் சரம் மாதிரில்லா இருக்கு," என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மிச்சக் கழிகளையெல்லாம் அப்படியே கட்டினேன், சரம் சரமாக. பாய்மரங்களில் ஏற்றி, கயிறுகளை இழுத்துக் கட்டி முடித்தபோது கப்பல் மேஜையில் ராணி மாதிரி நின்றது. பிசியோ பெண்ணைக் கூட்டி வந்து காட்டினேன். வாயைப் பிளந்தாள். ஒரு முடிச்சு போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டு, என் விரல்களைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு பஞ்சுப் பந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் வேலைக்குப் போனேன். டிஸ்பாட்சுக்கு அல்ல, நேராக அதிகாரியின் அறைக்கு. பழைய நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவார். நான் எழுதிவிட்டேனா என்று பார்ப்பார். அடுத்த வார்த்தை. சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல.

இரண்டு வரி பொறுத்தேன். பிறகு தலையை நிமிர்த்தி, "சார், தோடா தேஜ் போலியே," என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லுங்கள்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு நொடி பார்த்தார். அப்புறம் தன் வழக்கமான வேகத்தைப் பிடித்தார், மூச்சு விடாமல் ஒரு பக்கம் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை கிடைக்காமல் விட்டத்தைப் பார்த்து அவர் யோசித்தபோது, நான் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அவருக்காகக் காத்திருந்தேன்.