பாதி வாரத்துக்குப் போன கர்ப்பப்பை

“உனக்கு இன்னாத்துக்குடி அந்தக் கதை? அது என்னை வுட்டுப் போயி எத்தினியோ வருஷமாச்சு. போன அன்னிக்கே ஒருத்தரும் அழுவல. இப்ப வந்து துக்கம் விசாரிக்கிறியா, வேலையத்தவளே?”

என் பேத்தியைத்தான் இப்படித் திட்டினேன். சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாசாமாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். டாக்டரிடம் போயிருக்கிறாள். “உங்க பாட்டிக்கு எதுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க, கேட்டுட்டு வா” என்று அவர் அனுப்பிவிட்டார். பேத்தி கேட்டால் மழுப்பலாம். டாக்டர் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அது எழுபதுகளின் கடைசி. எங்களுக்கு மண்ணூர். இப்போது கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது நெல்லும் வேர்க்கடலையும்தான். நடவோ களையெடுப்போ, எது வந்தாலும் சொல்லிவைத்தாற்போல் எனக்கு வலியும் வரும். வயிற்றுக்குள் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். பிழிந்தது பாட்டுக்குக் கீழே வந்துகொண்டிருக்கும், நிற்காது.

அது ஏன் வருகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர் வீட்டுக்காரி, நான் சின்ன வயசில் பச்சரிசி தின்றிருப்பேன் என்றாள். குறி சொல்கிறவர் கன்னிமார் கோபம் என்றார். ஒரு வைத்தியர் உடம்புச் சூடு என்றார், இன்னொருவர் குளிர்ச்சி என்றார். இரண்டு பேரிடமும் மருந்து வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டும் உள்ளே போய்ச் சமாதானமாகிவிட்டன. வலி தனியாக இருந்தது.

என் மாமியாருக்குத்தான் காரணத்தில் சந்தேகமே கிடையாது.

“வவுறும் இல்ல, வலியும் இல்ல. வரப்பப் பாத்தா வர்ற நோவு அது. நானும்தான் ஏழு பெத்தேன். ஒரு நாளு மூலையில குந்தியிருப்பேனா?”

“நீ குந்தாம படுத்ததாலதான் அத்தே ஏழாச்சு” என்றேன்.

மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் என் மகள் வயசுக்கு வந்தாள். வந்த கொஞ்ச காலத்திலேயே அவளும் என்னைப் போலக் கோணியை விரித்துச் சுருண்டு படுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மாமியார் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஆத்தாக்காரிகிட்ட நல்லா கத்துக்கினா நாடகத்த.”

அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், பாதி ஆயுசு கழிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் ஆரம்பம். தாலி ஏறுகிற வரைக்கும் இந்த வீட்டில் பொய்க்காரி, அப்புறம் போகிற வீட்டில் பொய்க்காரி என்று எத்தனை வருஷம் இருப்பாள்?

வீட்டுக்காரரை நச்சரித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்காத கேள்வி இல்லை. எப்போது ஆரம்பித்தது, பிரசவத்துக்கு முன்னாடியா பின்னாடியா, வருஷம் போகப்போக அதிகமானதா, உன் அம்மாவுக்கு இருந்ததா, அக்கா தங்கச்சிக்கு இருந்ததா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். “என் பொண்ணுக்கு இப்ப வருது” என்றேன். பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது எதனால வருது டாக்டரம்மா?”

“தெரியாதும்மா” என்றார்.

அவரை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. மண்ணூர் முழுக்கத் தெரிந்த சங்கதி, அவ்வளவு படித்தவருக்குத் தெரியவில்லை. அதை வெட்கப்படாமல் சொல்லவும் செய்கிறார்.

“கர்ப்பப்பைக்கு உள்பக்கம் மெத்துன்னு ஒரு தோல் இருக்கும். மாசாமாசம் உதிர்ந்து வர்றது அதுதான். சில பேருக்கு அது பையோட சதைக்குள்ளயே புகுந்து வளருது. சில பேருக்குப் பைக்கு வெளியில போய் ஒட்டிக்குது. ஏன் போகுது, எப்படிப் போகுதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கோம். உங்களுக்குச் சதைக்குள்ள புகுந்திருக்குன்னு நினைக்கிறேன். எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும்.”

“எடுத்துடுங்க. அது உள்ள இருந்து எனக்கு ஒண்ணும் சம்பாரிச்சுப் போடல.”

எடுத்துவிட்டார்கள். நான் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு புது மண்சட்டியோடு.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைப் புதுச் சட்டியில் போட்டு, வேப்பிலையால் மூடி, வீட்டுக்குப் பின்னால் ஆழமாகப் புதைப்பார்கள். நாய் தோண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கொடிக்கே அந்த மரியாதை என்றால் பைக்கு எவ்வளவு செய்யவேண்டும்? மாமியார் யாரையும் கேட்காமல் முடிவு செய்து, சட்டியும் வேப்பிலையுமாகப் பஸ் ஏறிவிட்டார். காலிச் சட்டியை ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறாய் என்று கண்டக்டர் கேட்டதற்கு, “திரும்பி வர்றப்போதான் அதுல சரக்கு” என்றாராம்.

டாக்டரம்மா சட்டியைப் பார்த்தார், பிறகு மாமியாரைப் பார்த்தார்.

“பாட்டிம்மா, அதை நாங்க வெச்சுக்கணும். மெல்லிசாச் சீவி, கண்ணாடித் துண்டுல வெச்சு, மைக்ராஸ்கோப்புல பார்ப்போம். எந்த இடத்துல புகுந்துச்சு, எவ்வளவு ஆழம் போச்சுன்னு தெரியணும். பின்னாடி உங்க பேத்திக்கே அது உதவலாம்.”

“அது எங்க வூட்டுப் பொருளு. எங்க வம்சம் இருந்த எடம். அத பாட்டில்ல போட்டு ஊறுகா போடுவியா நீ?”

“உங்க மருமகளோட உடம்பு அது. அவங்க சொல்லட்டும்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக்காரர் மட்டும் மேலே சுற்றுகிற ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளை பெறவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து வெளியே எடுத்து வைத்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரியவந்தது.

“குடுக்கறேன். ஆனா மொதல்ல எங்க அத்தைக்குத் தொறந்து காட்டணும்.”

“அவங்க பயந்துடுவாங்களேம்மா.”

“அத்தையா? அவங்களப் பாத்து எமன்தான் பயப்படணும்.”

மறுநாள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டு, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டாகப் பிளந்திருந்தது. பையின் சுவர், முற்றின பூசணித் தோல்போலத் தடித்திருந்தது. அதற்குள்ளே கேழ்வரகை இறைத்த மாதிரி கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். மாமியார் மீன் வாங்குகிறவர் மாதிரி குனிந்து பார்த்தார்.

“இதெல்லாம் இன்னா, ரத்தமா?”

“ஆமா. மாசாமாசம் சதைக்குள்ளயே கசிஞ்ச ரத்தம்.”

“அது வெளிய வர வழி?”

“இல்ல பாட்டிம்மா. உள்ளயேதான் கட்டிக்கும்.”

மாமியார் தன் கட்டைவிரலைத் தடவினார். ஒருமுறை உலக்கை பட்டு அந்த நகத்துக்குள் ரத்தம் கட்டியபோது, தெருவையே தூங்கவிடாமல் கத்தியவர் அவர்.

“நகத்துல ஒரு சொட்டு கட்டிச்சினாலே உசுரு போவுது” என்றார், யாரையும் பார்க்காமல். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று பயந்திருப்பேன்.

ஆனால் சட்டியையும் அவர் விடவில்லை.

“பாதி வாரம் பேசிக்கலாம் டாக்டரம்மா.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைச்சலில் பாதி பயிர் வைத்தவனுக்கு, பாதி நிலத்துக்காரனுக்கு என்று நான் படுத்தபடியே விளக்கினேன்.

“அறுத்தது நீ, பாதி உனுக்கு. நெலம் எங்களுது, பாதி எங்களுக்கு” என்று மாமியார் முடித்தார்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். வேண்டிய துண்டுகளை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சட்டியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வேப்பிலை வாசனையையும் மீறி மருந்து நாற்றம் அடித்தது. பஸ்ஸில் மாமியாருக்குப் பக்கத்தில் பூந்தமல்லி வரைக்கும் யாரும் உட்காரவில்லையாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஆழமாகப் புதைத்துவிட்டார்.

நான் வீடு திரும்பிய பிறகு நடவு வந்தது. மகளுக்கு வலியும் வந்தது. எதிர் வீட்டுக்காரி போகிற வழியில் நின்றாள்.

“இன்னா பெரீம்மா, பேத்தி வர்லியா? ஆத்தா நாடகம் முடிஞ்சி இப்ப பொண்ணு நாடகமா?”

உள்ளே கோணியில் கிடந்த மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும்தான்.

“நாடகம் கீடகம்னா பல்லு இருக்காது” என்றார் மாமியார். “நான் கண்ணால பாத்துட்டு வந்தவ. அவ படுத்திருக்கட்டும். அவ நாத்த நான் நடறேன், நீ உன் வேலையப் பாத்துக்கினு போ.”

புடவையைச் செருகிக்கொண்டு கழனிக்கு நடந்தார். நான் மகளுக்கு வெந்நீர் வைத்தேன்.

அத்தோடு விடுமா தெரு? சாயங்காலம் நாலைந்து பேர் சேர்ந்து வந்தார்கள். கிழவி அப்படி என்னத்தைப் பார்த்தாள், எடுத்ததை என்ன செய்தார்கள், இப்போது அது எங்கே இருக்கிறது என்று குடைந்தார்கள்.

“எல்லா வூட்லயும் அண்ணன் தம்பி பாகம் பிரியற மாதிரிதான்டி” என்றேன். “பாதி ஊரோட மண்ணப் பாத்துக்கினு கீது. பாதிக்கு மெட்ராஸ்ல கவருமெண்டு வேல. தனி ரூமு, மேல ஃபேனு. படிச்ச பொண்ணுங்கல்லாம் குனிஞ்சி குனிஞ்சி பாத்துட்டுப் போவுதுங்களாம். இன்னா ஒண்ணு, பொங்கலுக்குக்கூட லீவு குடுக்க மாட்டன்றாங்க.”